பதினான்கு அங்குலத் திரை

1989ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் பெரிய மொனிட்டர் ஒன்று வாங்குவது என்று பேச்சு எழுந்தபோது, அதை எதிர்த்தவள் நான் ஒருத்திதான்.

வட்டுக்கோட்டையில் பழைய கல்லூரிக்குக் கிட்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, திருச்சபையோடு சேர்ந்த சங்கம் ஒன்று அந்த அலுவலகத்தை நடத்தியது. வேலை கிணறுகளைப் பற்றியது. வலிகாமத்தில் கடல்நீரேரிப் பக்கம் இருக்கும் கிணறுகள் மழை விட்டு வெயில் ஏற ஏற உவர்க்கத் தொடங்கும். மிசின் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் இன்னும் கெதியாக உவர்க்கும். கமக்காரர்கள் நடுகைக்கு முன்னர் ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள். உப்பு எவ்வளவு என்று பார்த்து, அந்தத் தண்ணீர் வெங்காயத்துக்கு உகந்ததா இல்லையா என்று நாங்கள் கடிதம் போடுவோம்.

அந்த வீட்டில் முன்னர் சமையல் நடந்த குசினிதான் என் ஆய்வுகூடம். குரோமேற்று சேர்த்து மஞ்சளாக்கிய தண்ணீரில் வெள்ளி நைத்திரேற்றைத் துளி துளியாக விடுவேன். அது செங்கல் நிறத்துக்கு மாறும் இடத்தில் நிறுத்திக் கணக்குப் பார்த்து, அந்தக் கிணற்றுக்குரிய அட்டையில் இலக்கத்தை எழுதுவேன். அட்டைகள் முன் அறைக்குப் போகும். அங்கே ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அதற்கு முன்னால் ஒருவர் இருந்தார்.

அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழும்பில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிணற்றுக் கணக்குகளோடு இருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில், உடுத்த உடுப்போடு மனைவியும் அவருமாகக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்கள். பிள்ளைகள் இல்லை. மனைவியின் வீடு பட்டணத்தை அடுத்த கடற்கரையில், கொழும்புத்துறையில். அங்கிருந்து பட்டணத்துக்கு ஒரு பஸ், பட்டணத்திலிருந்து எங்களிடம் இன்னொரு பஸ். இரண்டு பஸ் மாறி வந்தும், என்னைவிட முன்னதாக வந்து கதவைத் திறந்து வைத்திருப்பார். அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் கிணறுகளைப் பற்றித்தான்.

எங்களிடம் இருந்த மொனிட்டர் சிறியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அண்ணை அதற்குள் தலையை விடுவதுபோல இருந்துதான் வேலை செய்வார். சில நேரம் எழுந்து நின்று, கழுத்தைத் திருப்பி, கோழி பார்ப்பதுபோல ஒரு பக்கமாகப் பார்ப்பார். அது அவருடைய பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அவரிடம் அண்ணை பெரிய திரை கேட்டார். அந்த ஆண்டு சங்கம் ஒரு பொருள்தான் வாங்கித் தரும் என்று எனக்குத் தெரியும். என் தராசு பழுதாகி, நிறுத்து வைத்த பொருளைத் திரும்ப நிறுத்தால் வேறு நிறை காட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருக்கிற திரைக்கு என்ன குறை, அண்ணை? எழுத்துத் தெரியுதுதானே?" என்று அதிபருக்கு முன்னாலேயே கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதிபர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "தராசை நான் கல்லூரியிலை இரவல் கேட்டுப் பாக்கிறன். நீங்கள் இரண்டு பேரும் பட்டணத்துக்குப் போய், நல்லதாப் பாத்து ஒரு மொனிட்டர் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

பட்டணத்தில் அப்போது கொம்பியூட்டர் விற்கும் இடங்கள் மிகக் குறைவு. நாங்கள் போனது ஒரு மாடிக் கடை. கீழே புடைவைக் கடை, மேலே இது. கடைக்காரர் முப்பது வயதுக்காரர், பொறுமையானவர். மேசையில் இரண்டு மொனிட்டர்களை வைத்து விளக்கினார். இரண்டும் பதினான்கு அங்குலம். ஒன்றில் எழுத்து மஞ்சளாக, ஊசியால் கீறியதுபோலத் துல்லியமாக வரும். மற்றது கலர். அதில் எழுத்து கொஞ்சம் கலங்கினாற்போல இருக்கும். ஆனால் விரும்பினால் எழுத்தை இரண்டு மடங்கு அகலமாக்கலாம்.

"எழுத்து வேலைக்கு உந்த மஞ்சள்தான் திறம், அண்ணை. கலர் கண்ணுக்கு அலுப்பு" என்றார் கடைக்காரர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மஞ்சள் திரையில் அவருடைய கடைச் சாமான் பட்டியல் கிடந்தது. அண்ணை குனிந்து, திரையோடு முகம் ஒட்டுமளவுக்குப் போய், ஒவ்வொரு வரியாக மெல்ல வாசித்தார். கீபோட் நான்கு, பிறின்ரர் இரண்டு, றிபன் பன்னிரண்டு. வாசித்து முடிக்க வெகுநேரம் எடுத்தது. பிறகு கலர் மொனிட்டருக்கு வந்தார். கடைக்காரர் அதில் வேறொன்றைப் போட்டார். யாருக்கோ எழுதிய ஒரு கடிதம். அண்ணை இந்த முறை குனியவில்லை. நிமிர்ந்து நின்று, வலு தெளிவாக வாசித்தார்.

"கீபோட் நாலு. பிறின்ரர் இரண்டு. றிபன் பன்னிரண்டு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அதில் கீபோட்டும் இல்லை, றிபனும் இல்லை. "அன்புடையீர்" என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல் முதல் வரியில் இருந்தது. அது எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தாலும் தெரியும் என்று தோன்றுமளவுக்கு வெளிச்சமாக இருந்தது.

"நல்லாத் தெரியுது" என்றார் அண்ணை.

அந்த இடத்தில் எனக்கு முதலில் வந்தது இரக்கமல்ல, வெட்கம். அவருக்காக வெட்கம். அந்த அறையில் இருந்து எப்படியாவது வெளியே போய்விட வேண்டும்போல இருந்தது. "எழுத்தை அகலமாக்கிக் காட்டுங்கோ" என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் ஏதோ தட்டினார். எழுத்துகள் இரு மடங்காக விரிந்தன. அண்ணையின் முகம் மாறியது. தலையை ஒரு பக்கம் சரித்து, மெல்ல, உண்மையாகவே வாசிக்கத் தொடங்கினார். முதல் சொல்லைச் சொன்னதும் நிறுத்திவிட்டார். சற்று முன்னர் தான் வாசித்தது என்னவென்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இதையே எடுப்பம்" என்றேன் நான்.

வாடகைக் கார் பிடித்துப் பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து, அதற்குப் பக்கத்தில் நான் இருந்தேன். அண்ணை முன்னால். வழியில் இந்திய இராணுவத்தின் காவலரணில் எங்களை இறக்கிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சிப்பாய் ஒருவர் எட்டிப் பார்த்து "டிவி?" என்று கேட்டார். அண்ணை ஆங்கிலத்தில் கொம்பியூட்டர் என்று சொல்ல, அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டு, வெயில் படாமல் கொண்டுபோகும்படி கையால் காட்டினார். கார் மறுபடி புறப்பட்டு மானிப்பாயைத் தாண்டியது.

பிறகு அண்ணை திரும்பாமலே கேட்டார்.

"நீர் கண்டிட்டீர், என்ன?"

"ஓம்."

"நடுவிலை ஒரு மறைப்பு. நேரை பாத்தால் அந்த இடத்திலை ஒண்டும் இல்லை. ஓரத்தாலை பாத்தால் தெரியும். உம்மடை முகத்தை நான் பாத்து ஒரு வருசமாச்சு. தலைமயிரும் காதும் தெரியும்."

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

"வர வரக் கூடுமாம். மாத்தேலாதாம். எவ்வளவு கெதியிலை எண்டு அவருக்கும் தெரியாது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "அதிபருக்குச் சொல்லாதையும். வீட்டிலை மனிசிக்கு மட்டும் தெரியும். எழுத்துப் பெரிசா இருந்தால் நான் சமாளிப்பன்."

காரோட்டி எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், "சொல்லமாட்டன்" என்று சத்தமாகவே சொன்னேன்.

பெரிய மொனிட்டர் வந்தபின் இரண்டு மூன்று மாதம் முன் அறையில் ஒரு சந்தோசம் இருந்தது. எழுத்துகள் புளியங்கொட்டை அளவில் திரையில் நின்றன. அண்ணை முன்னரைப்போலக் குனியவில்லை. கதிரையில் சாய்ந்திருந்து தட்டினார். ஒரு நாள் மெல்லிய குரலில் ஞானப்பாட்டு ஒன்று பாடிக்கொண்டிருந்ததைக் குசினியிலிருந்து கேட்டேன். அவர் பாடி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

இங்கே என் பங்கைச் சொல்ல வேண்டும். கொம்பியூட்டர் அடித்துத் தரும் பட்டியலைப் பார்த்துத்தான் அதிபர் கடிதங்களில் கையெழுத்து வைப்பார். அதற்கு முன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பட்டியலையும் அட்டைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. யாரும் எனக்குக் கொடுத்த வேலையல்ல, நானாகச் செய்து வந்தது. அவருக்குக் கண் தெரியாது என்று அறிந்த பிறகு அதை நிறுத்தினேன். அவருக்கு முன்னால் அட்டையைப் பிடித்துச் சரிபார்ப்பது, அவர் முகத்துக்கு நேரே குருடர் என்று சொல்வதுபோல இருந்தது. அதைச் செய்யக் கூடாது என்று நினைத்தேன். அது மரியாதை என்று நினைத்தேன்.

ஆனால் பெரிதானது திரை மட்டும்தான். என் அட்டைகள் பழைய அளவில், என் பழைய சின்ன எழுத்தில்தான் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்துத்தான் தட்ட வேண்டும். இது எங்கள் இருவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. எனக்கு ஓரிரு தடவை நெஞ்சில் தட்டியது. தட்டியதை ஒதுக்கிவிட்டேன்.

ஆனி மாதம் ஒரு காலையில் கோப்பாயிலிருந்து கமக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடியவர். சைக்கிள் கரியரில் ஈரச் சாக்கு ஒன்று. அதை என் மேசையில் விரித்தார். பத்துப் பன்னிரண்டு வெங்காயப் பயிர்கள். தாள்களின் நுனியெல்லாம் நெருப்புப் பட்டதுபோல வெந்து வெளிறிக் கிடந்தன. சட்டைப் பையிலிருந்து எங்கள் கடிதத்தை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"உகந்த தண்ணி எண்டு போட்டிருக்கிறியள், பிள்ளை. அதை நம்பித்தான் தோட்டத் தறை முழுக்க நட்டனான். தண்ணி விட விடக் கருகுது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியின் மருந்துத் துண்டைக் காட்டி டொக்டரிடம் கேட்பதுபோலக் கேட்டார். நான் அட்டைப் பெட்டியிலிருந்து அவருடைய கிணற்றின் அட்டையைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில் 780 என்று இருந்தது, வெங்காயத்துக்கு ஆகாத உப்பு. முன் அறைக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்தேன். 180. என் ஏழு ஒன்றுபோலத்தான் இருக்கும். கண் தெரிந்தவர்களுக்கே சில நேரம் அது தடுமாற்றம் தரும்.

அண்ணை கதிரையில் அசையாமல் இருந்தார். குசினிக் கதை எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்.

திரும்பி வந்து அந்தக் கமக்காரரிடம், "இன்னொருக்காத் தண்ணி சோதிச்சுப் பாப்பம். நாளைக்கு நாங்களே வாறம்" என்றேன். சோதிக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அவரை அனுப்பிவிடச் சொன்ன சொல் அது. அவர் தலையாட்டிவிட்டு, சாக்கை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு, பயிர்களை என் மேசையிலேயே விட்டுப் போனார்.

"அட்டையிலை என்ன இருக்கு?" என்று நான் முன் அறைக்குப் போனதும் அண்ணை கேட்டார்.

சொன்னேன்.

"நீர் வெள்ளிக்கிழமையிலை பாக்கிறனீர் எல்லே? ஏன் பாக்கேல்லை?"

"விட்டிட்டன், அண்ணை. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும் எண்டு."

"எப்ப துவக்கம்?"

"மொனிட்டர் வாங்கின நாள் துவக்கம்."

அவர் என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் என்னைத் தாண்டி எங்கோ பார்க்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீர் பாக்கிறீர் எண்ட தைரியத்திலைதான் நான் தட்டிக்கொண்டிருந்தனான்."

நான் அந்த அட்டையைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

அடுத்த நாள் கோப்பாய்க்குப் பஸ்ஸில் போய் இறங்கி, தோட்டங்களுக்கூடாகப் போகும் ஒழுங்கையில் நடந்தோம். அண்ணை என் தோளைப் பிடிக்கவில்லை. வேலி ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, அதையே பிடியாக வைத்து நடந்தார். கமக்காரரும் மனைவியும் தோட்டத்துக்குள் நின்றார்கள். அந்தப் பெண் இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு, வாய்க்காலை மண்வெட்டியால் வெட்டி மறித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று விளங்கியது.

அண்ணை சுற்றி வளைக்கவில்லை. "தண்ணி சோதிச்சது சரி. இந்தப் பிள்ளை சரியாத்தான் எழுதினது. கொம்பியூட்டரிலை பிழையாப் போட்டது நான். எனக்குக் கண் சரியாத் தெரியாது. அதை ஒருத்தருக்கும் சொல்லாமல் வேலை செய்தனான்" என்றார்.

"எனக்குத் தெரியும். நானும் சொல்லேல்லை" என்றேன் நான்.

கமக்காரரின் மனைவி மண்வெட்டியை நிறுத்தினாள்.

"கண் தெரியாதெண்டால் உந்த வேலையை ஏன் ஐயா செய்தனியள்?"

"வேறை வேலை எனக்குத் தெரியாது, பிள்ளை."

"எங்களுக்கும் வேறை வேலை தெரியாதுதானே" என்றாள் அவள்.

அண்ணை வரம்பில் குந்தி இருந்தார். கையை நீட்டித் தடவி, ஒரு பயிரைப் பிடித்து, அதன் தாளை அடியிலிருந்து நுனிவரை விரல்களால் உருவிப் பார்த்தார். நுனி அவர் விரலில் பொடியாக உதிர்ந்தது. இன்னொன்றைப் பிடித்தார். பிறகு இன்னொன்று. கமக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "காணும் ஐயா, எழும்புங்கோ" என்றார். அந்தக் குரலில் இரக்கம் இருந்ததா, அலுப்பு இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எங்களை வீட்டுக்குள் வரச் சொல்லவில்லை. ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கோ என்று கேட்கவுமில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் வேலி தாண்டி வந்த யாருக்கும் அப்படி நடக்காது. நாங்கள் வந்த ஒழுங்கையாலேயே திரும்பி நடந்தோம்.

அன்று பின்னேரமே இருவரும் அதிபரிடம் போனோம். அண்ணை முழுவதையும் சொன்னார். வேலையை விடுகிறேன் என்ற கடிதத்தையும் அவரே தட்டி, பெரிய எழுத்தில் அடித்துக் கொண்டுவந்திருந்தார். அதிபர் அதை வாசிக்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நீங்கள் போனால் மற்றப் பிழையளை ஆர் தேடுறது?" என்று கேட்டார்.

அது தண்டனையா, பெருந்தன்மையா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் சரியான கேள்வி அது. மாசி தொடக்கம் ஆனி வரையான அட்டைகள் அவ்வளவையும் எடுத்து, நான் சத்தமாக வாசிக்க, அண்ணை திரையில் இருந்த இலக்கத்தைச் சத்தமாக வாசித்தார். இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த அட்டை. வேறாக இருந்தால் அதைத் தனியாக வைத்தோம். தனியாக வைத்த அட்டைகள் சில சேர்ந்தன. அந்த வீடுகளுக்கும் இருவருமாகப் போனோம். ஓரிடத்தில் நல்ல தண்ணீரை உவர் என்று சொல்லியிருந்தோம். அந்த மனிதர் நடாமல் தறையை வெறுமனே விட்டிருந்தார். அவர் எங்களை ஏசினார். வாய்விட்டு ஏசியது எனக்கு ஆறுதலாக இருந்தது. மற்றவர்களிடம் கேட்டதைவிட அது சுகம்.

அதன்பிறகு கொம்பியூட்டரில் தட்டுவது என் வேலையானது. அண்ணை கிணறுகளின் நீர்மட்டம் அளக்கப் போகிறவர்களோடு போனார். நூலில் கட்டிய ஈயக்குண்டு தண்ணீரைத் தொடும் சத்தத்தைக் கேட்டு அவர் சொல்ல, மற்றவர் நூலில் அளவை வாசிப்பார். அதில் அவருக்கு விருப்பம் இருந்ததென்று சொல்ல மாட்டேன். செய்தார்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கோப்பாய்க் கிணற்றுக்கும் அண்ணையும் மற்றவர்களும் நீர்மட்டம் அளக்கப் போனார்கள். அந்தப் பெண் வேலிப் படலையில் நின்று, "எங்கடை கிணத்தை விடுங்கோ. இனி நாங்களே வாயிலை வைச்சுப் பாக்கிறம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். அண்ணை வந்து அதை என்னிடம் சொல்லி, அந்த அட்டையில் அப்படியே எழுதச் சொன்னார். வீட்டார் விரும்பவில்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே அந்த அட்டையில் வேறு ஒன்றும் எழுதப்படவில்லை.

தொண்ணூறு நடுப்பகுதியில் சண்டை திரும்பத் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெரிய மொனிட்டரைத் துணியால் மூடி வைத்தோம். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று கொஞ்சக் காலம் பார்த்தோம். பிறகு துணியில் படிந்த தூசியைத் தட்டுவதையும் விட்டுவிட்டோம். நான் அட்டைகளோடு தொடர்ந்தேன். அண்ணை நின்றுவிட்டார். பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை, பார்வையும் இன்னும் சுருங்கிவிட்டது.

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் கொழும்புத்துறைக்குச் சைக்கிளில் போய் அவரைப் பார்த்தேன். மனைவி வந்து கதவைத் திறந்தார். அண்ணை உள்ளே கதிரையில் இருந்தார். என் குரலைக் கேட்டதும் எழுந்தார். தண்ணீர் எப்படி, இந்த வருச மழை காணுமா, மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் இறைப்புக் குறைந்து கிணறுகள் தேறுகின்றனவா என்றெல்லாம் கேட்டார். தேறுகின்றன என்றேன். உண்மையிலேயே பல கிணறுகளில் உப்புக் குறைந்திருந்தது.

"கோப்பாயிலை?"

"அந்த வீட்டார் இன்னும் விடுறேல்லை, அண்ணை."

"ஓம்" என்றார். "விடாயினம்."

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். பனங்கட்டியும் ஒரு துண்டு வைத்தார். மூவரும் குடித்தோம். மீன்வலைகள் காயும் மணம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டும் என்று வந்திருந்தேன். வட்டுக்கோட்டையிலிருந்து அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்ததே அதற்குத்தான். என்ன சொல்வதென்று வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே விலைவாசி கதைத்தோம். சவுக்காரம் கிடைக்காததைக் கதைத்தோம்.

புறப்படும்போது படலைவரை வந்தார். "கவனமாப் போம், தங்கச்சி. செல் குண்டு அடிச்சால் இறங்கிக் கிடந்திடும்" என்றார்.

"வாறன், அண்ணை" என்றேன்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. தொண்ணூற்றைந்தில் அரச இராணுவம் நெருங்கிவர, எல்லோரும் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் போனபோது, நெரிசலில் கண் தெரியாத ஒருவரை யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போவதைக் கண்டால் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒருவரும் அவர் இல்லை. அவரும் மனைவியும் வன்னிப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்று பின்னர் ஒருவர் சொன்னார். எந்த ஊரென்று அவருக்கும் தெரியவில்லை.